முறிச் சட்டத்தில் பிறந்த பொது விடுமுறை: இந்தியக் கூட்டாட்சியில் ஓர் அதிகாரத்தின் வரலாறு

திருவாரூர் ஆழித்தேரோட்டத்துக்கோ தஞ்சைச் சதய விழாவுக்கோ மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது, ஈடுசெய்யும் வேலைநாளாக ஒரு சனிக்கிழமையையும் குறிப்பிடுவார். அதை அடுத்து ஒரு வாசகம் வரும்: இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படவில்லை, ஆகவே கருவூலங்கள் அவசரப் பணிகளுக்காகக் குறிப்பிட்ட பணியாளர்களுடன் இயங்கும். தேரோட்டத்துக்கும் செலாவணி முறிக்கும் என்ன தொடர்பு? விடுமுறை நாளைக் குறிக்கும் உரிமை மாநிலங்களுடையது என்றே பொதுவாக நம்பப்படுகிறது. சட்டப்படி அது ஒன்றிய அரசு ஒப்படைத்த அதிகாரம் மட்டுமே. அது அப்படி ஆன வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1881-இல் சட்டம் இயற்றியவர்களின் கவலை பண்டிகை பற்றியதன்று, வணிகக் கடன் பற்றியது. ஓர் உறுதிச்சீட்டோ மாற்றுச்சீட்டோ முதிரும் நாளில் வங்கி மூடியிருந்தால் பணம் என்றைக்குச் செலுத்தப்பட வேண்டும்? முந்தைய வேலைநாளில் என்கிறது சட்டத்தின் 25-ஆம் பிரிவு. இந்த விதி செயல்பட வேண்டுமானால் பொது விடுமுறை எது என்று சொல்லியாக வேண்டும். அதற்காகப் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை சட்டத்திலேயே இடம்பெற்றன. தீபாவளியும் ரம்ஜானும் அரசிதழ் அறிவிப்பை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அறிவிப்பை வெளியிடும் அதிகாரம் அன்று அந்தந்த மாகாண அரசிடமே இருந்தது. இது முக்கியமானது. குடியேற்ற ஆட்சியின் சட்டம் மாகாணத்துக்கு நேரடியாகத் தந்திருந்த அதிகாரம் பிற்காலத் திருத்தங்களால் நடுவண் அரசுக்குச் சென்றது. 1955-இல் கிறிஸ்தவப் பண்டிகைகளின் பெயர்கள் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. ஞாயிறும், ஒன்றிய அரசு அறிவிக்கும் பிற நாள்களும் மட்டுமே எஞ்சின.

அரசியலமைப்பும் இந்த நிலையை மாற்றவில்லை. காசோலை, மாற்றுச்சீட்டு, உறுதிச்சீட்டு ஆகியவை ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 46-ஆம் இனம். விடுமுறையும் அவற்றின் பின்னாலேயே போயிற்று. நடைமுறைச் சிக்கலைத் தீர்க்க 1957 ஜூனில் உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வழியாக இவ்வதிகாரத்தை மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் தமிழ்நாடு அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் இந்த ஒப்படைப்பின் மீதுதான் நிற்கிறது. வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஏப்ரல் 1 அதில் இடம்பெறுவது, பட்டியலின் வணிகப் பிறப்பை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

தொழிலாளர் விடுமுறை வந்த வழி வேறு. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமே இங்கே சட்டம் இயற்ற முடிந்தது. 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், இன்றைய வடிவில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றுடன் ஐந்து பண்டிகை நாள்களுக்கும் ஊதியத்தோடு விடுப்பு தருகிறது. கூலி பிடிக்காமல் ஓய்வு என்பதைச் சட்ட உரிமையாக்கிய இந்தச் சட்டத்தையே நான் அதிகம் மதிக்கிறேன்.

ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கு மூன்றாவது ஏற்பாடு. பதினான்கு கட்டாய விடுமுறைகளை டெல்லி குறிக்கிறது. மேலும் மூன்றை, தரப்பட்ட பட்டியலிலிருந்து, மாநிலத் தலைநகரிலுள்ள ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கிறது. வடக்கே அமாவாசையன்று தீபாவளி. இங்கே நரக சதுர்த்தசியன்று. மாநிலம் சதுர்த்தசியைக் குறித்தால் அங்குள்ள ஒன்றிய அலுவலகங்களும் அதைப் பின்பற்றலாம் என்று ஆண்டுச் சுற்றறிக்கையே இடம்தருகிறது. பொங்கலுக்கோ கட்டாயப் பட்டியலில் இடமில்லை. 2017-இல் அது கட்டாய விடுமுறையன்று என்ற செய்தி தமிழ்நாட்டைக் கொதிக்கவைத்தது. சென்னைக் குழு கூடி அதைக் கட்டாய விடுமுறையாக்கிய பிறகே அடங்கியது. உழவர் திருநாளை ஒரு குழுவின் தேர்வுக்கு விட்டுவைத்திருப்பது முறையன்று.

மாநில அரசின் விடுமுறைப் பட்டியல் மக்களின் கோரிக்கைக்கு எவ்வளவு எளிதில் செவிசாய்க்க முடியும் என்பதற்குத் தைப்பூசம் சான்று. மொரீஷியசில் அந்நாள் விடுமுறை. முருகனின் படைவீடுகள் உள்ள தமிழ்நாட்டில் 2021 ஜனவரியில்தான் பழனிசாமி அரசு அதைப் பொது விடுமுறையாக்கியது. மறுபுறம், தாத்ரா நாகர் ஹவேலியின் விடுதலை நாளான ஆகஸ்ட் 2 விடுமுறைப் பட்டியலிலிருந்து விடுபட்டதை எதிர்த்த வழக்கில், பொது விடுமுறை யாருக்கும் சட்ட உரிமையன்று, அது அரசின் கொள்கை முடிவு என்று 2022-இல் மும்பை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது.

கொள்கை முடிவு என்றால், அதை எந்த அரசு எடுப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் நேரான விடை வேண்டும். அறிவிக்கை வழியாக ஒப்படைத்ததை இன்னோர் அறிவிக்கை வழியாகத் திரும்பப் பெறலாம். பொது விடுமுறையை முறிச் சட்டத்தின் விளக்கத்திலிருந்து விடுவித்து, ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் தனி இனமாகச் சேர்க்க வேண்டும்.