ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் பேறுகால உரிமையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் பேறுகால உரிமைக்கு, அந்த ஆலைகளைவிட வயது அதிகம். 1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண் தொழிலாளிக்கு ஓய்வும் உதவித்தொகையும் வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. பம்பாய் மாகாணம் 1929-இலும் சென்னை மாகாணம் 1934-இலும் இதற்குச் சட்டம் இயற்றின. விடுதலைக்குப் பின் 1948-இல் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1961-இல் பேறுகாலப் பயன் சட்டமும் வந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது.

இவை அனைத்தும் வேலையில் இருப்பவருக்கான உரிமைகள். கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டால் பேறுகால விடுப்புக்கே இடமில்லாமல் போகும். பம்பாயில் மருந்து நிறுவனம் ஒன்றில் இருந்த இப்படிப்பட்ட விதியைத் தொழிற்சங்கம் எதிர்த்தது. மணமான பெண்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் போவார்கள் என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் 1965-இல் அதை ஏற்க மறுத்தது: மணமாகாதவருக்கும் மணமானவருக்கும் உள்ள வேறுபாடு பேறுகால விடுப்பு மட்டுமே, அதற்குச் சிலரைக் கூடுதலாக வேலைக்கு வைத்துக்கொண்டால் போதும். இத்தனை எளிய விடை கிடைத்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் ஏர் இந்தியாவின் விதியும் 1981-இல் செல்லாது என்றானது.

எத்தனை பிள்ளை, எப்போது பெறுவது என்று முடிவு செய்வது அடிப்படை மனித உரிமை என 1968-இல் தெஹ்ரான் மனித உரிமை மாநாடு அறிவித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றது. அதைச் சுட்டிக்காட்டியே, தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8-இல் தீர்ப்பளித்தது.

அதே காலத்தில்தான் ஏரிப்பாசன ஊர்களாக இருந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி தொழிற்பேட்டையாக மாறிக்கொண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கார் ஆலைகள் பெரும்பாலும் ஆண்களை எடுத்தன. செல்போன் ஆலைகள் இளம்பெண்களைத் தேடின. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், பாதுகாப்பு நிபந்தனைகளுடன், நீக்கியிருந்தது. 2006-இல் திறந்த நோக்கியா ஆலையில் பெண்கள் இரவு ஷிப்டிலும் லைனில் நின்றார்கள். 2014 நவம்பர் 1-இல் அங்கே உற்பத்தி நின்றபோது, கல்யாண வயதை எட்டிக்கொண்டிருந்த பலர் வேலை இழந்தார்கள்.

பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குப் பேறுகாலப் பயன் ஈ.எஸ்.ஐ. வழியாக வருகிறது; அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏஜென்சி மூலம் சில மாதக் கான்ட்ராக்டில் சேர்ந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பும் பெண்ணுக்கு அந்த 70 நாள் எப்போதும் கைகூடும் என்று சொல்ல முடியாது.

2021 டிசம்பரில், இங்கே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானது; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதன்பின் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள். நல்ல இருப்பிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படுக்கைக் கணக்கில் கட்டிய கட்டடத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய் வாழ இடமில்லை.

அந்தத் திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, பாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், தாலி, மெட்டி போன்ற உலோக அணிகள் ஆகியவை ஆள் எடுப்பவர்கள் சொன்ன காரணங்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் மணமானவர்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம், வேலைக்கு எடுப்பதில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்னும் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தானாக முன்வந்து வழக்கை எடுத்த தேசிய மனித உரிமை ஆணையம், அதிகாரிகளின் விசாரணை போதாது என்று மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

பிரசவத்தைப் பாதுகாப்பதில் தமிழ்நாடு முன்னணி மாநிலம். 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு நாட்டில் 97, இங்கே 54. 2025 மே மாதம், தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், பேறுகால விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் ஆலை வாசலில் அந்தத் தீர்ப்பு போய்ச் சேர்வதில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதை வெளிப்படையாகத் தடுக்கும் ஒரு வரி நாட்டின் தொழிலாளர் சட்டங்களில் இல்லை. அந்த வரியைச் சேர்க்க வேண்டியது அரசின் கடமை.