ஆளுக்கு உரிமம், இடத்துக்கு விதி: கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை முன்வைத்து ஆயுதச் சட்டம் குறித்த ஓர் ஆய்வு

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதிமுறைகள் நடைமுறைக்கு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையங்களுக்கு வரத் தொடங்கிவிடும். திருவள்ளூர் மாவட்டமும் இதற்கு விலக்கல்ல. உரிமதாரர் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார். முடிவுகள் வெளியான பின் அதைக் காட்டித் திரும்பப் பெறுகிறார். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சுடும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. எவரெவர் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்டக் குழு ஒவ்வோர் உரிமமாகப் பரிசீலித்து முடிவுசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. தகுதியுடையவர் என்று அரசே சான்றளித்தவரின் கையிலுள்ள துப்பாக்கியும் சில சூழல்களில் பொது அமைதிக்கு ஆபத்தாகலாம் என்பதை இந்த நடைமுறை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த ஒப்புதல் தேர்தலோடு முடிந்துவிடுகிறது. துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம் என்பதை நுணுகி ஆராயும் இந்திய ஆயுதச் சட்டம், அதை எங்கெல்லாம் கொண்டு செல்லலாம் என்பதில் போதிய கவனம் செலுத்தவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிக்கு இந்த இரண்டாம் கேள்வியே முதன்மையானது. வீட்டில் வைத்திருக்கும் அனுமதியையும் வெளியே ஏந்திச் செல்லும் அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்து, பின்னதை இடத்தின் தன்மைக்கேற்ப வரையறுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் ஆளை மட்டுமே பார்ப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெற வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு 7 ஆண்டுகள் முன்பு வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பை வைத்தே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. இரண்டும் ஒரே ஆட்சிப் பார்வையின் விளைவுகள்: இன்னார் நம்பத்தக்கவர், இன்னார் நம்பத்தகாதவர் என்று மக்களைப் பிரித்துவைக்கும் பார்வை. அதன் எதிர்வினையாகத்தான் 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பிடித்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. கூட்டம் கூடும் உரிமையைத் தரும் 19ஆவது பிரிவு, 'அமைதியாகவும் ஆயுதமின்றியும்' கூட வேண்டும் என்கிறது. விடுதலை பெற்ற நாடு துப்பாக்கியை உரிமையாக அல்ல, அனுமதியாகவே கருதத் தீர்மானித்தது. அந்த அனுமதியை வழங்கும் முறையில் மட்டும், ஆளை எடைபோடும் பழைய பழக்கம் தொடர்ந்தது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் இந்தப் பழக்கத்தைச் செம்மைப்படுத்தின. விண்ணப்பதாரர் பற்றிக் காவல்துறை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சி, தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவை என்பதற்கான காரணம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவதைத் தனிக் குற்றமாக்கி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. நீதிமன்றங்களிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. தடைசெய்யப்படாத துப்பாக்கியை வைத்திருப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் நிராகரித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமையல்ல என்று சுட்டிக்காட்டி, உத்தரப் பிரதேசத்தில் உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகவே, உரிமையா அனுமதியா என்ற கேள்வி இந்தியாவில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அனுமதியின் எல்லை எது என்பதுதான் தீராமல் நிற்கிறது.

துப்பாக்கி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்போரின் வாதத்துக்கு, திருவள்ளூர் மாவட்டத்திலேயே மிக வலுவான சான்று உண்டு. 2005 ஜனவரி 9 அதிகாலையில், பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் தம் வீட்டிலேயே கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வடமாநிலங்களிலிருந்து வந்த பவாரியா கொள்ளைக் கும்பல், நெடுஞ்சாலைகளை ஒட்டிய தனி வீடுகளைக் குறிவைத்துப் பல ஆண்டுகளாக நடத்திவந்த தாக்குதல்களில் அதுவும் ஒன்று. அன்றைய ஆளுங்கட்சி உறுப்பினரின் வீட்டுக்கே இந்த நிலை என்றால், தோப்புக்கு நடுவே தனியாக வசிக்கும் விவசாயியையும், இரவுப் பணி முடிந்து ஆளில்லாத சாலையில் திரும்பும் தொழிலாளியையும் யார் காப்பது? காவல் நிலையம் தொலைவில் இருக்கிறது. கொள்ளையனிடம் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. சட்டத்தை மதிப்பவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்துபவர் கிராமப்புறத்தின் அச்சத்தை அறியாதவர்.

ஆனால் அந்தக் கொலையை அடுத்து நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கும்பலை முடக்கியது வீடுதோறும் துப்பாக்கி வந்ததல்ல, ஐ.ஜி. எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை கைரேகைகளைப் பின்தொடர்ந்து, மாநில எல்லைகளைக் கடந்து நடத்திய பொறுமையான புலனாய்வுதான். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அரசு தர வேண்டிய பதில் எது என்பதை அது காட்டியது. எண்களும் இதையே சொல்கின்றன. 2016 டிசம்பர் இறுதி நிலவரப்படி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 12.77 லட்சம் உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் 22,532 மட்டுமே. 2011 மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அங்கே சுமார் 156 பேருக்கு ஓர் உரிமம். இங்கே சுமார் 3,200 பேருக்கு ஒன்று. உரிமம் பெற்ற துப்பாக்கிகள் பெருகினால் சட்டவிரோதத் துப்பாக்கிகள் பின்வாங்கும் என்ற கணிப்பு சரியானால், உத்தரப் பிரதேசமே நாட்டின் அமைதியான மாநிலமாக இருந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கவலை தெரிவித்ததோ அந்த மாநிலத்தைக் குறித்துத்தான். இரண்டு மாநிலங்களின் ஒப்பீட்டை மட்டும் வைத்துக் காரண காரியத் தொடர்பை நிறுவிவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் தாராள உரிமமே பாதுகாப்பு தரும் என்று வாதிடுவோர்தான் இதற்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி இடத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் இரவு பகலாக இயங்குகின்றன. பல மாநிலத் தொழிலாளர்கள் அருகருகே வசிக்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில் பணிமுறை மாறும் நேரங்களில் நிரம்பி வழிகிறது. கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையைத் தொடுகிறது. கும்மிடிப்பூண்டியில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். அதே சாலையில் தெற்கே செங்குன்றம் வருவதற்குள் 2022இல் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லை தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமம் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் செல்லாததாகிவிடும். ஆனால் அதே உரிமத்தோடு ஒருவர் ஆலை வாயிலுக்கோ, தொழிலாளர் குடியிருப்புக்கோ, கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் அறைக்கோ வந்தால் தடுப்பதற்குத் தெளிவான பொதுவிதி இல்லை. 2016 விதிகளில் 32ஆவது விதி, பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டு வெளித்தெரியாமல் முழுவதும் மறைத்துக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது. பொது இடத்திலும் துப்பாக்கியில்லாப் பகுதியிலும் அதைக் காட்டி மிரட்டுவதையும் சுடுவதையும் தடைசெய்கிறது. துப்பாக்கியில்லாப் பகுதி என்ற கருத்தைச் சட்டம் ஏற்றிருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் தொழிற்பேட்டை, தொழிலாளர் விடுதி, ரயில் நிலைய வாயில் என்று பெயர் சொல்லும் பட்டியல் அந்த விதியில் இல்லை.

இடத்தை வைத்து ஆயுதத்தைத் தடுப்பது நம் சட்ட மரபுக்குப் புதிதல்ல. மிக அருகிலுள்ள சான்று பழவேற்காடு ஏரிப் பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதியின்றி எவரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. அவரிடம் உரிமம் இருக்கிறதா, அவர் நல்லவரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஏரிக்கு வரும் பூநாரைகளின் பாதுகாப்புக்காக இடமே தடைக்குப் போதுமான காரணமாகிறது. தொழிற்சாலைகளிலும், 1948ஆம் ஆண்டுச் சட்டம் முதலே, எளிதில் வெடிக்கும் வாயுவும் தூசியும் சேரும் இடங்களில் தீப்பொறி எழக்கூடிய எதையும் விலக்கிவைப்பது கடமையாக்கப்பட்டிருக்கிறது. பறவைக்கும் வாயுக்கலனுக்கும் இடம் சார்ந்த பாதுகாப்பை வழங்க முடிந்த சட்டம், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடும் வளாகத்துக்கும் அதை வழங்க முடியும், வழங்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவின் கீழ் தடையுத்தரவு பிறப்பிக்கலாமே என்று கேட்கலாம். அந்த உத்தரவு பொதுவாக 2 மாதங்களுக்கு மேல் நீடிக்காது, அவசர நிலைக்கானது. அன்றாட ஆபத்துக்கு நிரந்தர விதியே பொருத்தம்.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே ஓர் எச்சரிக்கையாகவும் வழிகாட்டியாகவும் உதவும். 2022 ஜூனில் புரூயன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளியே துப்பாக்கி கொண்டுசெல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. ஆயுதம் ஏந்துவதை அரசியல் சட்ட உரிமையாகக் கொண்ட அந்த நீதிமன்றமே, பள்ளி, அரசு அலுவலகம் போன்ற உணர்திறன் மிக்க இடங்களில் தடை செல்லும் என்பதை ஏற்றது. அதே சமயம், மக்கள் நெருக்கம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி மன்ஹாட்டன் முழுவதையும் அப்படிப்பட்ட இடமாக அறிவித்துவிட முடியாது என்றும் சொன்னது. உரிமையாக இருந்தாலும் இடத்துக்குக் கட்டுப்படும் என்றால், அனுமதியாக மட்டும் இருக்கும் நம் நாட்டில் அது கட்டுப்படாமல் இருக்கக் காரணமே இல்லை. ஆனால் தடை குறிப்பானதாக, காரணம் காட்டத்தக்கதாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டம் முழுவதையும் துப்பாக்கியில்லாப் பகுதி என்று அறிவிப்பது தனித்திருக்கும் கிராமங்களின் தற்காப்புத் தேவையைப் புறக்கணிப்பதாகும்.

இடத்தடைக்கு எதிராக மூன்று வாதங்கள் எழும். குற்றவாளி அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகமாட்டான் என்பது முதலாவது. உண்மைதான், உரிமமற்ற துப்பாக்கியை எங்கே பிடித்தாலும் அது குற்றமே. இடத்தடை தடுக்க விரும்புவது வேறொன்றை: உரிமம் உள்ளவர், கோபம் வெடிக்கக்கூடிய இடத்துக்குத் துப்பாக்கியோடு வருவதை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது கொள்ளையனால் அல்ல. பேச வந்த சக நடிகரால். எம்.ஆர். ராதா குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிமுகமானவர்களுக்கு இடையே மூளும் பூசலில், துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே விளைவை மாற்றிவிடுகிறது. பயிற்சி பெற்ற காவலர்கள் இருந்தால் போதும் என்பது இரண்டாவது வாதம். 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் தம் மேலதிகாரியையும் பயணிகள் மூவரையும் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், பயிற்சி பெற்ற ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர்தான். ஆகவே காவலர்களும் விதிக்கு உட்பட வேண்டும். தற்காப்புக்கென வாங்கிய சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒருவர் வாயிற்காவலுக்கு நிற்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். நிறுவனத்தின் பெயரில் உரிமமும், பணி முடிந்ததும் பூட்டிவைக்கும் பெட்டகமும், கையொப்பப் பதிவேடும் கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவது வாதம் ஆழமானது: இது நல்ல குடிமகனை அவநம்பிக்கையோடு பார்ப்பதாகாதா? நேர்மாறாக, ஆளைப் பார்க்கும் விதிதான் அவநம்பிக்கையை வளர்க்கிறது. சுதர்சனம் கொலை போன்ற ஒரு குற்றம் நடந்தால், வடக்கிலிருந்து பிழைக்க வந்த எளிய தொழிலாளி மீதெல்லாம் சந்தேகம் விழுகிறது. ஒரு கும்பலின் குற்றத்துக்கு ஒரு சமூகத்தின் பெயரே அடையாளமாகிவிடுகிறது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் மனநிலை இன்றும் முற்றிலும் அகலவில்லை. பிறப்பின் அடிப்படையில் சலுகை தருவதும் இதே தர்க்கத்தின் மறுபக்கம்தான். கர்நாடகத்தின் குடகர்களுக்கு உரிமத்திலிருந்து அளிக்கப்பட்டுள்ள விலக்கு இன்றும் தொடர்கிறது. இடத்தடையோ முதலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தொழிலாளிக்கும், தமிழருக்கும் பிகாரிக்கும் ஒன்றே. இந்தச் சமத்துவமே அதன் தார்மீக வலிமை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. உரிமப் படிவத்தில் வைத்திருத்தலும் ஏந்திச் செல்லுதலும் தனித்தனி அனுமதிகளாக வேண்டும்; பின்னதற்குத் தனிக் காரணமும் குறுகிய காலவரம்பும் வேண்டும். சிப்காட் வளாகங்கள், தொழிலாளர் குடியிருப்புகள், ரயில், பேருந்து நிலையங்கள், கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் இடங்கள் ஆகியவற்றைத் துப்பாக்கியில்லாப் பகுதிகளாக அறிவிக்க வேண்டும். ஆட்சியரும் ஆவடி ஆணையரும் ஒரே பட்டியலைப் பின்பற்ற வேண்டும். வழக்கமாக இப்பகுதிகள் வழியே பயணம் செய்பவர் குற்றவாளியாகிவிடாதபடி, குண்டு நீக்கிப் பூட்டிய பெட்டியில் துப்பாக்கியை எடுத்துச்செல்ல விலக்கு தரலாம். இதற்கு ஈடாக அரசும் கடன்பட்டிருக்கிறது. குடிமகனிடம் துப்பாக்கியை வெளியே எடுத்துவராதே என்று சொல்லும் அரசு, நெடுஞ்சாலை ரோந்தையும் புறக்காவல் நிலையங்களையும் மாநிலம் கடந்த புலனாய்வையும் அவனுக்கு உறுதிசெய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது நீதியாகாது. இரண்டையும் செய்யும்போதுதான், தற்காப்புக்கான பொறுப்பு அச்சமுற்ற தனிமனிதனின் கையிலிருந்து, அதை ஏற்கக் கடமைப்பட்ட பொது அமைப்புகளின் கைக்கு மாறும்.