கூதிரும் குசினித் தணலும்

குளிர்காலம் என்றவுடன் நம்மவர்களுக்கு நுவரெலியா நினைவுக்கு வரும். கொஞ்சம் தூரம் போனவர்களுக்கு லண்டனும் ரொறொன்ரோவும் நினைவுக்கு வரும். இரணைமடுவை யாரும் நினைப்பதில்லை. ஆனால் கார்த்திகை கடைசியில் வாடைக்காற்று குளத்துத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரும்போது இங்கே ஒரு இரவு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெப்பமானியில் 20 பாகைக்குக் கிட்டத்தான் இறங்கியிருக்கும். எங்கள் கிடுகு வீடுகள் காற்று புகுவதற்கென்றே கட்டப்பட்டவை. எங்கள் உடம்போ வெயிலுக்குப் பழகியது. ஆகவே அந்த 20 பாகையே எங்களுக்குப் போதுமான குளிர்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினார்கள். இதைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். “ஐயா, எங்களுக்கு வெயில், மழை இரண்டுதானே” என்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

நெடுநல்வாடை என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். நக்கீரர் பாடிய 188 அடிகள். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்ட பின்னரே பலருக்கும் கிட்டியது. இது அகமா, புறமா என்ற வழக்கு மிகப் பிரசித்தம். படைத்தலைவனின் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது, வேம்போ பாண்டியனின் அடையாளம், எனவே இது புறம் என்று உரைகாரர் சொன்னதை நாங்கள் வகுப்பில் நாள் கணக்கில் விளக்குவோம். பரீட்சைக்கும் அதுவே வரும். அந்த வேப்பந்தழையைப் பிடித்துக்கொண்டு நெருப்புச் சட்டியை விட்டுவிட்டோம் என்பது என் குறை.

ஏனென்றால் வீட்டுக்குள் குளிர் எப்படி நுழைகிறது, வீடு அதை எப்படி எதிர்கொள்கிறது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த வேறொரு பழம்பாட்டை நான் அறியேன். கோடைக்கு வாங்கிய விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதிலே சிலந்தி நூல் கட்டிவிட்டது. கன்னலில் உள்ள தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை. வாயகன்ற தடவு என்னும் சட்டியில் மூட்டிய நெருப்பை நாடுகிறார்கள். வீட்டுப் புறா இரை தேடப் போகாமல் ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. பெண்கள் தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் விரிவதைக் கண்டு அந்தி வந்ததென்று அறிந்து, இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் பூவும் தூவித் தொழுகிறார்கள்.

மதுரை மாடவீதிகளின் கதை அது. இரணைமடுவின் வீட்டுக் கதை பின்னர் தொடங்குகிறது. இரணை என்றால் இரட்டை. அருகருகே கிடந்த இரண்டு மடுக்களால் வந்த பெயர் என்பார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளிலிருந்தும் மண்வீடுகளிலிருந்தும் வந்தவர்கள் காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். அணைக்கட்டு 1950களிலும் 1970களிலும் உயர்த்தப்பட்டது. வயலும் கூடியது, குடியும் கூடியது. 1958, 1977 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் கறுப்புக் கம்பளியையும் சாயத் தேத்தண்ணியையும் கொண்டுவந்தார்கள். குளிரைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலமும் இதுவே. பன்றிக் காவலுக்குப் போகிறவர் பரணடியில் பாலைக் கட்டையை எரியவிட்டுச் சாரத்தைக் காதுவரை போர்த்திக்கொள்வார். வன்னியின் பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும் இப்படிக் காவல் கிடந்த வாழ்விலிருந்து பிறந்தவை. வீட்டிலே பனங்கிழங்கு தணலில் வேகும். பிள்ளையார் கதை படிக்கும் 21 நாட்களும் இந்தக் குளிருக்குள் வருகின்றன. சுன்னாகத்து வரதபண்டிதரின் அந்த நூலை ஒருவர் இழுத்து வாசிக்க, மற்றவர்கள் மோதகத்தை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். திருவெம்பாவைக் காலத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில் மணி இருட்டோடு கேட்கும். எழும்ப மனம் வராது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சுக்குக் கோப்பி குடிக்கலாம் என்ற ஆசையே எழுப்பிவிடும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எனக்கு வயது 15. கிளாலி ஏரியை வள்ளத்தில் கடந்து, அந்த மார்கழியை இரணைமடு வாய்க்கால் ஒன்றின் ஓரத்துக் கொட்டிலில் கழித்தோம். ஏழு பேருக்கு இரண்டு பாய். மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அதில் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி ஏற்றுவோம். அம்மா பொழுது பார்த்துத்தான் அதைக் கொளுத்துவா. ஒரு நிமிடம் முந்தினாலும் எண்ணெய் வீண். மணிக்கூடு கிடையாது. வேலியில் படர்ந்திருந்த முல்லை மொட்டு அவிழும்போது “விளக்கை எடு தம்பி” என்பா. நெடுநல்வாடையை நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் பின்பு. பிச்சி விரிந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இடம்பெயர்ந்த கொட்டிலில் என்ன மகிழ்ச்சி என்று கேட்பீர்கள். கொச்சிக்காய்ச் சம்பலும் சுடுசோறும் கிடைத்த இரவில் நாங்கள் ஏழு பேரும் சிரித்திருக்கிறோம். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

நக்கீரரும் மறைக்கவில்லை. அவர் பாட்டின் நடுவிலே அரசியின் அறை இருக்கிறது. அழகான கட்டில், சூழத் தோழியர். எல்லாம் இருந்தும் அவளுக்கு ஆறுதல் இல்லை. அரசனோ பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்டவர்களைப் பார்த்து நடக்கிறான். கணப்பு இருந்தும் ஆள் இல்லாத வீடு அது. 2009க்குப் பிறகு வன்னியில் இந்தப் பகுதியைப் படிப்பிப்பது எளிதாக இல்லை. முன்வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசிய நாட்கள் உண்டு.

குளிரும் எல்லாருக்கும் ஒன்றல்ல. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, அடுப்பே தண்ணீருக்குள் போய்விட்டது. காய்ந்த விறகு ஒரு கட்டு வைத்திருந்தவர் அன்று பணக்காரர். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் தமிழகக் கரையை நோக்கிப் போனபோது வீசிய கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. மேயல் மறந்து நின்ற மாட்டையும், பால் குடிக்க வந்த கன்றை உதைத்த பசுவையும் நக்கீரர் சொல்லியிருக்கிறார். அதைப் புலவர் கூற்று என்று எண்ணியிருந்தேன். அன்று வேலிக்கு வெளியே கண்டேன்.

அந்த இரவு அயலில் ஒரு வயதான அம்மா தன் கன்றைக் குசினிக்குள் கொண்டுபோய், அடுப்பருகே சாக்கை விரித்துப் படுக்கவைத்தார். தனக்கு வைத்திருந்த போர்வையையும் அதன்மேல் போட்டுவிட்டு விடியும்வரை விறகு தள்ளிக்கொண்டிருந்தார். விடியற்காலை நான் போனபோது கன்று எழுந்து நின்றது. குசினியையும் நனைத்து வைத்திருந்தது. “பார் தம்பி, இதுக்குத்தான் நான் நித்திரை முழிச்சனான்” என்று ஏசிக்கொண்டே சிரித்தார். பிறகு அந்த ஈரத்தின்மேல் சாம்பலை அள்ளிப் போட்டுவிட்டு, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.