குழிமாற்றும் நில அளவையும்: திண்ணைப்பள்ளிக் கணிதத்தில் வர்க்கப் பெருக்கம்

தமிழகத் திண்ணைப்பள்ளிகளில் கணக்குப் பயின்ற சிறுவர் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றோடு குழிமாற்று என்னும் சுவடியையும் மனனம் செய்தனர். எண்சுவடி பொதுப் பெருக்கல் வாய்பாடு. குழிமாற்று ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வர்க்க வாய்பாடு. இன்று பள்ளிப் பாடத்தில் இருபடிச் சார்பு எனப்படும் உறவின் எளிய வடிவம் அங்கு நிலத்தின் பெயராலேயே வழங்கிற்று. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலம் ஒரு குழி. பக்கம் இரட்டித்தால் குழி நான்காகும், மும்மடங்கானால் ஒன்பதாகும்.

முழு எண்களின் வர்க்கம் பெருங்குழி எனவும் பின்னங்களின் வர்க்கம் சிறுகுழி எனவும் பிரிக்கப்பட்டன. சிறுகுழியே கணித நோக்கில் நுட்பமானது. அரையை அரையால் பெருக்கக் கால். காலைக் காலால் பெருக்க மாகாணி. முக்காலை முக்காலால் பெருக்க அரையும் மாகாணியும். பெருக்கினால் எண் வளரும் என்று கருதும் மாணவனுக்கு, அது குறையவும் கூடும் என்பதை இவ்வாய்பாடு உணர்த்தியது. அரைக் கோல் பக்கமுள்ள துண்டு நிலம் கண்ணெதிரே இருக்க, இதற்குத் தனி விளக்கம் தேவைப்பட்டிராது.

கோலின் நீளம் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வேறுபட்டது. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. பக்கத்துக்கு 192 சாண் உள்ள ஒரு சதுர நிலத்தைப் பதினாறு சாண் கோலால் அளந்தால் பக்கம் 12 கோல், பரப்பு 144 குழி. பன்னிரு சாண் கோலால் அளந்தால் பக்கம் 16 கோல், பரப்பு 256 குழி. கோல் நாலில் ஒரு பங்கு குறைய, குழி ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுகிறது. குழிக்கு இவ்வளவு என வரி நிலைத்திருக்குமாயின் இவ்வேறுபாடு முழுவதும் உழவர் தலையில் விழும். இருபடி உறவின் அரசியல் பொருள் இங்கேதான் உள்ளது.

சதுரமல்லாத நிலத்துக்கு எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த இரண்டையும் பெருக்கும் முறை பல நாடுகளில் வழங்கிற்று. 628இல் தம் நூலை இயற்றிய பிரம்மகுப்தர் இதனைப் பருமட்டான பரப்பு என்றே வகைப்படுத்தினார். நாற்பக்கமும் பத்துக் கோலாய், ஒருபுறம் சாய்ந்து, எதிர்ப்பக்கங்களுக்கு இடையே எட்டுக் கோலே உள்ள நிலத்தின் பரப்பு 80 குழி. இம்முறையோ 100 குழி என்னும். செவ்வகம் தவிர்ந்த எந்த நாற்கரத்துக்கும் விடை மிகுந்தே வரும்; குறைந்து வருவதில்லை. வரி வாங்குவோருக்கு இது வாய்ப்பான பிழை.

மல்லசமுத்திரம் உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளி காவிரிப் படுகையைப் போன்ற வயல் நாடன்று. மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும் மிகுந்தது. தானிய அளவின் பெயரான வள்ளம் கொங்குப் பகுதியில் நில அளவாகவும் வழங்கியது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினி வசமாயின. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடம் நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையை இங்கேதான் முதலில் உருவாக்கினர். பின்னர் ஏக்கர் நிலைபெற்றது. 66 அடிச் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பதின்மக் கணக்கில் அமைந்த இவ்வளவை, வர்க்கங்களை மனனம் செய்யும் தேவையைக் குறைத்தது. குழிமாற்று பாடத்திலிருந்து மறைந்தது. இன்று பத்தாம் வகுப்பு மாணவர் வரைபடத் தாளில் பரவளையம் வரையக் குறிக்கும் 1, 4, 9, 16 ஆகிய மதிப்புகள் அச்சுவடியின் பெருங்குழி வரிகளே.