துணி டயப்பர் வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டுத் துணிக்கொடியைப் பாருங்க!

பிரசவ தேதிக்கு இன்னும் 2 மாதம் இருக்கும்போதே இன்ஸ்டாகிராம் எப்படியோ மோப்பம் பிடித்துவிடும். யானை படம் போட்டது, மேகம் படம் போட்டது எனக் கலர் கலராகத் துணி டயப்பர் விளம்பரங்கள் வரிசைகட்டும். '12 டயப்பர் காம்போ, இன்று இரவு வரை மட்டும்' என்று ஒரு ஆஃபரும் கண்ணில் படும். கார்ட்டில் போட்டுவிட்டு, பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ஆசையாக வாங்கிய துணி டயப்பரை மூன்றாவது மாதமே பரணில் ஏற்றியவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். 'டிசைன் சரியில்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'காயவே மாட்டேங்குது', 'எத்தனை தடவை துவைச்சாலும் நாத்தம் போகலை', 'யார் துவைக்கிறது?' இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். அதனால் வெயில் வரும் இடம், தண்ணீர், துவைக்கும் கை ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற டயப்பரைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

முதல் மாதம் பழைய வேட்டியே போதும்!

'3 கிலோ முதல் 17 கிலோ வரை பொருந்தும்' என்று டயப்பர் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். பிறந்த குழந்தையின் தொடை நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். அந்த டயப்பரில் இருக்கிற எல்லா பட்டனையும் இறுக்கினாலும் தொடைப் பக்கம் இடைவெளி விழும், ஒழுகும். முதல் சில வாரங்களுக்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் வேட்டித் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிவிடும் பாட்டி டெக்னிக் இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறது. கயிறு கட்டாத வீடுகளில், நாடா வைத்த முக்கோண நாப்பி போதும். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை எதைக் கட்டினாலும் தொப்புளுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

வெறும் துணியில் இன்னொரு லாபமும் உண்டு. குழந்தை எத்தனை தடவை உச்சா போகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்த ஐந்தாவது நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் பால் போதவில்லையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரம் அது. 'பால் பத்தலையோ' என்று ஆளாளுக்குப் பச்சை உடம்புக்காரியைப் பயமுறுத்தும் வீடுகளில், கொடியில் காயும் துணிகளை எண்ணிக் காட்டிவிடலாம். டாக்டரும் இதே கணக்கைத்தான் கேட்பார்.

எது பாக்கெட், எது கவர்?

தண்ணீர் ஒழுகாத வெளிக்கூடு, ஈரம் உறிஞ்சும் உள்துணி. எல்லா துணி டயப்பரும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். இது ஒன்றும் இன்றைய ஸ்டார்ட்அப் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற அம்மா, குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துத் துணி நாப்பிக்கு மேலுறை செய்தார். 1949-ல் நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் அது விற்பனைக்கு வந்தது. 1951-ல் காப்புரிமையும் கிடைத்தது. பேம்பர்ஸ் வந்ததே 1961-ல்தான். இன்றைய வெளிக்கூட்டில் திரைச்சீலைக்குப் பதில், பாலியூரித்தேன் பூசிய மெல்லிய துணி இருக்கிறது.

கடைகளில் மூன்று வகை அதிகம் கிடைக்கும். 'பாக்கெட்' வகையில் கூட்டுக்குள் பை மாதிரி இடம் இருக்கும். அதில் இன்சர்ட் எனும் உள்துணியைச் செருக வேண்டும். 'கவர்' வகையில் இன்சர்ட்டை மேலேயே வைத்துவிடலாம். வெறும் உச்சா என்றால் இன்சர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, கூட்டைத் துடைத்து மறுபடியும் போடலாம். மூன்றாவது, எல்லாம் ஒன்றாகத் தைத்த 'ஆல் இன் ஒன்'. மாட்டுவது ரொம்ப ஈஸி, காய்வதுதான் ரொம்ப லேட். பால்கனி கிரில்லில் 2 மணி நேரம் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கும் அப்பார்ட்மென்ட் என்றால், ஆல் இன் ஒன் பக்கம் போகாதீர்கள். கூடும் உள்துணியும் தனித்தனியாகப் பிரிகிற வகைதான் நமக்குச் செட் ஆகும்.

இன்சர்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மைக்ரோஃபைபர் விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால், அது தோலில் நேரடியாகப் படக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் சேர்த்து உறிஞ்சி வறட்சியாக்கிவிடும். பாக்கெட்டுக்குள் வைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். காட்டன், மூங்கில் துணி, ஹெம்ப் எனும் சணல் வகை எல்லாம் தோலுக்குப் பிரச்னை செய்யாதவை. இதில் மூங்கிலும் ஹெம்ப்பும் நிறைய உறிஞ்சும், ஆனால் காய நேரம் எடுக்கும். புது காட்டன், ஹெம்ப் இன்சர்ட்டுகளை நான்கைந்து முறை அலசிக் காயவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்ச ஆரம்பிக்கும். பிரித்தவுடன் மாட்டிவிட்டு, 'ஒழுகுது' என்று 1 ஸ்டார் போடுபவர்கள் நிறைய பேர் தவறவிடுவது இதைத்தான்.

எத்தனை வாங்கலாம்?

12 காம்போவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் வெவ்வேறு வகையில் 3 மட்டும் வாங்கி, குழந்தை 4 கிலோவைத் தாண்டியதும் போட்டுப் பாருங்கள். ஒல்லித் தொடைக் குழந்தைக்குப் பொருந்துவது கொழுகொழு தொடைக்குப் பொருந்தாது. எலாஸ்டிக், ஜட்டி நிற்கும் அதே தொடை மடிப்பில் உட்கார வேண்டும். வயிற்றுப் பக்கம் 2 விரல் நுழைய வேண்டும். உள்துணி எந்தப் பக்கமும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்த்தாலும் ஈரம் அப்படியே சட்டைக்கு ஏறிவிடும்.

பிடித்துவிட்டால் கணக்கு எளிது. 3 மாதக் குழந்தைக்குப் பகலிரவு சேர்த்து 7, 8 டயப்பர் தேவைப்படலாம். தினமும் துவைத்து ஒரே நாளில் காய்ந்தால் 14 முதல் 16 வரை போதும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, உள்துணி காய 2 நாள்கூட ஆகும். அப்போது முழு டயப்பர் வாங்காமல் இன்சர்ட்டை மட்டும் கூடுதலாக வாங்கினால் செலவு மிச்சம். கூடு ஃபேன் காற்றிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். லேசான ஈரத்தோடு 'பரவாயில்லை' என்று மாட்டிவிடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

துவைக்கிற கதை

ஈர டயப்பரைத் தண்ணீர் நிரம்பிய வாளியில் நாள் கணக்கில் ஊறவைப்பதுதான் நாற்றத்தின் ஆரம்பம். எலாஸ்டிக்கும் கெடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் வாளி ஆபத்தும்கூட. கழற்றியதும் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை அலசி, காற்றோட்டமான கூடையில் போடுங்கள். 2 நாளைக்கு மேல் சேர்க்காதீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை ஆய் தண்ணீரில் கரைந்துவிடும். இணை உணவு ஆரம்பித்த பிறகு, கெட்டியானதை டாய்லெட்டில் தட்டிவிட்டு அலசுங்கள்.

வாஷிங் மெஷினில் என்றால், முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, பிறகு வழக்கமான டிடர்ஜென்ட் போட்டு ஒரு முழுச் சுற்று, கடைசியில் நுரை தங்காத அளவுக்கு அலசல். கூடு இருந்தால் சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 'வாசனை வரட்டும்' என்று சேர்க்கும் துணி கண்டிஷனர் பெரிய வில்லன். நூலிழை மேல் படலமாகப் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சாமல் தடுத்துவிடும். டெட்டால் தேவையில்லை.

போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரும் துணி சோப்புக் கட்டியும் சேர்ந்தால் வெள்ளைப் பிசுக்காக மாறித் துணிக்குள்ளேயே தங்கிவிடும். நாளாக ஆக இன்சர்ட் விறைக்கும், அமோனியா நெடி அடிக்கும். சோப்புக் கட்டிக்குப் பதில் பவுடரோ லிக்விடோ பயன்படுத்துங்கள். மெட்ரோ வாட்டர் வரும் வீடு என்றால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது அந்தத் தண்ணீரை ஒதுக்குங்கள்.

காயப்போடும்போது இன்சர்ட் நல்ல வெயிலில், கூடு நிழலில். மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கை நோகடிக்க வேண்டாம். ஈரத்தோடு வெயிலில் போட்டால் தானாக மங்கிவிடும். கூட்டை முறுக்கிப் பிழியவோ அயர்ன் செய்யவோ கூடாது.

சிவந்துபோனால்?

'துணி டயப்பர் என்றால் ராஷ் வராது' என்பது விளம்பர வசனம். ஈரம் அதிக நேரம் நின்றால் எந்த டயப்பரிலும் ராஷ் வரும். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆய் போனால் உடனே மாற்றுங்கள். உள்பக்கம் வழுவழு ஃபிளீஸ் துணி வைத்த டயப்பர் தொட்டால் உலர்ந்த மாதிரி ஏமாற்றும். அதை நம்பாமல் மணியைப் பாருங்கள். டயப்பர் க்ரீம் தடவினால், இடையில் ஒரு மெல்லிய காட்டன் துண்டு வையுங்கள். க்ரீமின் பிசுக்கு இன்சர்ட்டில் படிந்தால் உறிஞ்சாது. பவுடர் வேண்டாம். மாவு பறந்து குழந்தையின் மூச்சுக்குள் போகும். தொடை மடிப்பில் நல்ல சிவப்பு, சுற்றிலும் தனித்தனிப் புள்ளிகள், 2, 3 நாளாகியும் ஆறவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் 'படை க்ரீம்' கேட்டு வாங்கித் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

யார் துவைப்பது?

பிறந்த வீட்டில் இருக்கும்வரை அம்மாவோ அத்தையோ துவைத்துவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். சம்பளத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு கிடைக்கும் வேலையில் இருந்தாலும், அது முடியும் நேரமும் குழந்தை சாப்பிட ஆரம்பித்து ஆய் கெட்டியாகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயப்பர் வாங்குவதற்கு முன்பே, 'ராத்திரி மெஷின் போடுறது நீ, காலையில் கொடியில் போடுறது நான்' என்று கணவன் மனைவி பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு சுமுகமாக முடியவில்லை என்றால், 4 டயப்பரோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

டே கேர், பஸ் பயணம், தடுப்பூசி நாள், காய்ச்சல் இரவு... இதற்கெல்லாம் டிஸ்போசபிள் போடுவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். பயன்படுத்திய டிஸ்போசபிளைப் பேப்பரில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் வெறும் கையால் பிரிக்கும் நிலை வரக் கூடாது.

பணம் மிச்சமாகுமா?

ஒரு டிஸ்போசபிள் 10 ரூபாய், நாளைக்கு 6 என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,800 ரூபாய். ஒரு துணி டயப்பர் 600 ரூபாய் என்றால் 15-க்கு 9,000. ஐந்து மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். தண்ணீர், கரன்ட், பவுடர் செலவைச் சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம். ஆனால், பரணில் ஏறிவிட்டால் எல்லாம் நஷ்டக் கணக்கு.

சுற்றுச்சூழல் கணக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு டிஸ்போசபிளின் கார்பன் அளவு சுமார் 550 கிலோ, துணிக்கு சுமார் 570 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மெஷின் நிறையத் துணி போட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அதே டயப்பரை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவிகிதம் குறையும் என்றது அதே ஆய்வு. டிரையரே இல்லாத நம் வீட்டு மொட்டை மாடிக்கு இதில் பாதி மதிப்பெண் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

அக்கா குழந்தை போட்டது, ஆன்லைனில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது என்றாலும் வாங்கலாம். தொடை எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள், பட்டென்று சுருங்க வேண்டும். கூட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சு உரிந்தோ வெடித்தோ இருந்தால் கூடு வேண்டாம், நல்ல இன்சர்ட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் மட்டும்தான் தளர்ந்திருக்கிறது என்றால், தெருமுனை டெய்லரே மாற்றித் தைத்துக் கொடுத்துவிடுவார்.