டேப்லெட் மட்டும் கொடுத்தா பிள்ளைங்க படிச்சிடுவாங்களா? சுகதா மித்ராவின் ஆய்வு சொல்வது என்ன?

கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு முதல் பிரச்சனை பாடம் இல்லை, சிக்னல். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கும் மலை இது. ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் பல குக்கிராமங்களில் போன் பேசுவதே கஷ்டமாக இருந்தது. இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) பலரது வீட்டில் பள்ளிக்கூடம் போகும் முதல் தலைமுறையே இந்தப் பிள்ளைகள்தான்.

'டவர் போட்டு, ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துட்டா எல்லாம் சரியாகிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. சரியாகுமா? இந்தக் கேள்வியோடு 20 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய பேராசிரியர் ஒருவர் இருக்கிறார்.

யார் இந்த சுகதா மித்ரா?

1952ல் கொல்கத்தாவில் பிறந்தவர். டெல்லி ஐஐடியில் இயற்பியலில் பிஎச்டி முடித்து, என்ஐஐடி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1999 ஜனவரியில் டெல்லி கால்காஜியில், தன் அலுவலகத்துக்கும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓட்டை போட்டு, இன்டர்நெட்டோடு ஒரு கம்ப்யூட்டரைப் பதித்துவிட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பிள்ளைகள் தாங்களே தட்டிப் பார்த்து, ஒருத்தருக்கொருத்தர் கற்றுக்கொடுத்து, பிரவுஸ் செய்யப் பழகிவிட்டார்கள்.

இந்த ஆய்வுதான் தன் நாவலுக்குத் தூண்டுதல் என்று எழுத்தாளர் விகாஸ் ஸ்வரூப் சொல்லியிருக்கிறார். அந்த நாவல்தான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படமானது. மித்ரா 2006ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 2013ல் 10 லட்சம் டாலர் டெட் பரிசும் வந்தது.

இது பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது நம்ம பக்கத்தில் நடந்தது.

காளிக்குப்பத்தில் என்ன நடந்தது?

2004 சுனாமி தாக்கிய கடலோரக் கிராமம் காளிக்குப்பம். அங்கே மித்ராவுக்கு ஒரு விபரீத ஆசை. தமிழ் மட்டுமே தெரிந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், தெருவோரக் கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே படிக்க முடியுமா? முடியாது என்று நிரூபிப்பதுதான் நோக்கம்.

தொடக்கத் தேர்வில் மதிப்பெண் கிட்டத்தட்ட பூஜ்யம். 75 நாள் கழித்து சுமார் 30 சதவீதம்! ஆசிரியரே இல்லாமல் இது பெரிய விஷயம்தான். ஆனால் 30 எடுத்தா எந்தப் பள்ளியிலும் ஃபெயில்.

அடுத்து, பிள்ளைகளோடு பழகும் உள்ளூர் இளம்பெண் ஒருவரை உதவிக்கு அழைத்தார். கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர், உயிரியல் தெரியாது. 'பாடம் நடத்தவே வேண்டாம். பாட்டி மாதிரி பின்னால் நின்று, அட, இதை எப்படிச் செஞ்சே என்று கேட்டால் போதும்' என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது. தனி ஆசிரியர் வைத்துப் படித்த டெல்லி தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமம். கம்ப்யூட்டர் அதேதான், பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் புதுசு.

2010ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'எல்லைகள்' என்ற சொல் இருக்கிறது. உலகம் கொண்டாடியது சுவரை மட்டும்தான்.

எதிர்ப்பு வந்ததா?

வந்தது, அதே இதழில். ஆய்வாளர் பாயல் அரோரா, உத்தராகண்டின் அல்மோரா மலைப்பகுதியில் இதே திட்டத்தில் வைத்த கம்ப்யூட்டர்களைத் தேடிப் போனார். சில ஆண்டுகளிலேயே அவை கேட்பாரற்று முடங்கியிருந்தன. பொறுப்பெடுக்க ஆள் இல்லாத இடத்தில் இயந்திரம் நிலைக்காது என்பது அவர் வாதம். மித்ரா தரப்புக்குப் பதில் இருக்கலாம், ஆனால் ஜவ்வாது மலைக்காரர்கள் மறக்கக் கூடாத உதாரணம் அல்மோராதான். அதுவும் மலை, இதுவும் மலை.

ஜவ்வாது மலைக்கு இதில் என்ன இருக்கு?

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' கிட்டத்தட்ட அந்த இளம்பெண்ணைத்தான் தேடியது. 1 முதல் 5ஆம் வகுப்புக்கு பிளஸ் 2, 6 முதல் 8ஆம் வகுப்புக்கு டிகிரி படித்த உள்ளூர் தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கம்ப்யூட்டர்தான் அதில் பிரதானம் இல்லை.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் மாலையிலும் அங்கேதான். அடுத்த முறை அங்கே டேப்லெட் வழங்கும் விழா நடந்தால், சாயங்காலம் 5 மணிக்கு மேல் பக்கத்தில் நிற்கப்போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கு என்று கேட்டுப் பாருங்க.