காலண்டர் முகம்

விருதுநகரிலோ சிவகாசியிலோ இன்று பியூட்டி பார்லருக்குப் போகிற பெண்களில் சிலர், முகத்தை இன்னொருத்தி கையில் ஒப்படைத்துவிட்டு எழுந்து வருவதோடு திருப்தியடைவதில்லை. தாங்களே போட்டுக்கொள்ளக் கற்றுத்தரும்படி கேட்கிறார்கள். கற்றுத்தருகிறவள் முகத்தின் ஒரு பாதியை முடித்துவிட்டு, மறுபாதியைக் கண்ணாடி பார்த்து அவளையே செய்யச் சொல்கிறாள். அற்பமாகத் தெரிகிற இந்தப் பாடத்தின் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒப்பனை என்கிற வித்தை யார் கையில் இருந்தது, யார் முகத்தில் இருந்தது என்ற சரித்திரம் அது. கையும் முகமும் வெகுகாலம் வேறு வேறு ஆட்களுடையவை.

ஒப்பனை என்ற சொல்லுக்குள்ளேயே 'ஒப்பு' இருக்கிறது. எதற்கு ஒப்பு என்ற கேள்வி உடனே எழுகிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் அலங்காரம் நீண்ட பட்டியலாக வருகிறது. கூந்தலை வாசநீரில் கழுவுவதில் தொடங்கி, கால்விரல் அணியிலிருந்து தலைக்கோலம் வரை ஒன்று விடாமல் சொல்லப்படுகிறது. அத்தனையும் ஊடல் தணிய வேண்டிய கோவலனின் கண்ணுக்காக. பழைய காவியங்களில் வண்ணமகளிர் என்று ஒரு தொழிலினரும் உண்டு. பிறரை அலங்கரிப்பது அவர்கள் வேலை. அலங்கரிக்கிறவள் பணிப்பெண், அலங்கரிக்கப்படுகிறவள் தலைவி, பார்க்கிறவன் தலைவன். இந்த முக்கோணத்தில் வித்தை கடைசிப் படியில் இருப்பவளிடம் இருந்தது. பயன் மேல்படிக்குப் போயிற்று.

சாதாரண வீடுகளில் கதை வேறு. மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரைத்துப் பூசினார்கள். ஜவ்வரிசியைக் கருக வறுத்துச் சாந்து கூட்டினார்கள். விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து எண்ணெய் குழைத்துக் கண்மை செய்தார்கள். இதையெல்லாம் பாட்டியோ அத்தையோ சொல்லித் தந்தாள். பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போன படிப்பு இது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பூவும் மஞ்சளும் குங்குமமும் கணவன் உயிரோடிருப்பதற்கான அடையாளங்கள். அவன் போனால் அவையும் போக வேண்டும். கற்ற வித்தை கையில் மிச்சமிருக்கும்; அதைத் தன் முகத்தில் பயன்படுத்தும் உரிமை இருக்காது. பட்டாசுத் தொழில் பகுதியில் இது புத்தகத்து விஷயமில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு நாளும் சில முகங்களிலிருந்து குங்குமத்தை அழித்துவிட்டுப் போகிறது.

வீட்டுக்கு வெளியே, ஒப்பனை ஒரு முழுநேரத் தொழிலாக வளர்ந்தது நாடக மேடையில். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது. கூத்திலும் நாடகத்திலும் அதைக் குழைத்துப் பூசினார்கள். பிறகு எந்த வேஷப் பூச்சுக்கும் அதுவே பெயராயிற்று. ஆர்செனிக் தாதுக்களைப் பழைய வாணவேடிக்கைகளிலும் ஒளிக்காகச் சேர்த்ததுண்டு. ஆர்செனிக் கலந்த வண்ணங்களை முகப்பூச்சில் சட்டம் தடுத்தது. பட்டாசில் கூடாதென்று உச்சநீதிமன்றம் 2017 ஜூலையில் உத்தரவிட்டது. விஷம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

மதுரையை மையமாகக் கொண்ட பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டவர்கள் பையன்கள். பையனின் முகத்தைப் பெண்ணாக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் மிகைப்படுத்த வேண்டும்: புருவத்தை வில்லாக வளைத்து, கண்ணைக் காதை நோக்கி இழுத்து, உதட்டைச் சிறிதாக்கிச் சிவப்பேற்றி, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றி. கியாஸ் விளக்கில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டிய பெண்மை அது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திக் காட்டியிருக்கிறார். ஆயினும் பொதுவழக்கில் 'அழகான பெண்' என்பவள், ஆண்கள் ஓர் ஆணின் முகத்தில் எழுதிய சித்திரமாகவே இருந்தாள்.

இந்த மேடை முகம் அச்சுக்குப் போன வழியில் கோவில்பட்டி இருக்கிறது. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறவராகச் சுற்றினார். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலான சீடர்களும் வரைந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகித் தென்னாட்டுச் சுவர்களில் ஏறினார்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கித் தெய்வங்களுக்குக் குடும்பப் பெண்ணின் சாயலைத் தந்தார் என்றால், கோவில்பட்டிக்காரர்கள் அந்தச் சாயலுக்கு மேடை வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். தெய்வம் மேக்கப் போட்டுக்கொண்டது என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கக் கூடும். படத்தைப் பார்த்தவர்கள் மறுக்க முடியாது.

சிவகாசியின் பங்கு இதில் தற்செயலானதல்ல. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசு வந்தபோது அதன் உறைக்கும் படம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர் வராமல் இராது. கடைக்காரர் வாடிக்கையாளருக்கு இனாமாகத் தந்த காலண்டர், கண்ணாடிகூட இல்லாத வீட்டில் ஒரு பெண்முகத்தை வருஷம் முழுவதும் மாட்டி வைத்தது. கண்ணாடி தன் முகத்தைக் காட்டும். காலண்டர் ஆக வேண்டிய முகத்தைக் காட்டியது.

படத்தை உலகுக்கு அனுப்பிய ஊரின் பெண்கள் எப்படி இருந்தார்கள்? லேபிள் ஒட்டினார்கள், குச்சி அடுக்கினார்கள், பட்டாசுக்குத் திரி செருகினார்கள். அலுமினியப் பொடி கையிலும் கழுத்திலும் வெள்ளியாகப் படிந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்பளித்தது சிவகாசிச் சிறுமிகளையும் சிறுவர்களையும் முன்னிட்டு எழுந்த வழக்கில்தான். அவர்கள் மேல் ஏறிய வண்ணம் அவர்கள் தேர்ந்ததல்ல. சாயங்காலம் தேய்த்துக் கழுவ வேண்டிய வண்ணம்.

சினிமா வந்தபோது அமைப்பு மாறவில்லை, பெரிதாயிற்று. வித்தை ஆண்களிடமே இருந்தது. பெண் சிகை அலங்காரம் செய்யலாம், மேக்கப் போடக் கூடாது என்பது திரைத்தொழில் சங்கங்களின் விதியாகவே இருந்தது. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று நீக்கியது. இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணின் முகத்தைப் பெண் தொடுவதற்குச் சினிமாவில் இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பார்லரில் நடக்கும் பாடம் புதிது. பார்லரே அரை நூற்றாண்டுச் சங்கதி. மணப்பெண் அலங்காரம்தான் அதன் முக்கிய வருமானம். அதில் பழைய முக்கோணம் அப்படியே இருக்கிறது. கற்றுத்தரும்போதுதான் முக்கோணம் உடைகிறது. வித்தை கடைசிப் படியிலிருந்து நகர்ந்து, முகத்துக்குச் சொந்தக்காரியின் கைக்கு வருகிறது. பாட்டி சொல்லித் தந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே கணவன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை என்பது. காசு கொடுத்துக் கற்கிற படிப்பில் இது ஒரு விடுதலை. காசில்லாதவளுக்கு அது கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் கை மாறியதால் ஒப்பு மாறிவிட்டதா? இங்கேதான் நான் தயங்குகிறேன். வெயிலில் கறுத்த முகத்துக்கு இரண்டு படி வெளுத்த பவுண்டேஷனை எடுப்பது இன்னும் சர்வசாதாரணம். பூச்சிலுள்ள டைட்டானியமும் துத்தநாகமும் கறுப்புத் தோலில் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். வீடியோ வெளிச்சத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். 1975இல் சந்தைக்கு வந்த பேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து 'பேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. சொல்லை எடுத்துவிட்டால் ஆசை போய்விடுமா? காலண்டர் சுவரிலிருந்து இறங்கி மூளைக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

இருந்தும் நல்ல ஆசிரியை ஒருத்தி முதலில் கற்றுத்தருவது இதை மீறுகிற ஒரு காரியம். நிறத்தை மணிக்கட்டில் பார்க்காதே, தாடையோரத்தில் தடவிப் பார், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார், தோலோடு கலந்து காணாமல் போகிறதுதான் உன் நிறம் என்கிறாள். அந்தச் சோதனையில் ஒப்பு, படத்தோடு அல்லாமல் தன் தோலோடு பார்க்கப்படுகிறது. மாதவி காலத்திலிருந்து வந்த கேள்விக்கு இந்தப் பகுதியில் கிடைத்திருக்கும் சிறிய பதில் அது. அது எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும் என்பது, காலண்டரைப் போல அதையும் யாராவது இனாமாகக் கொடுப்பார்களா என்பதைப் பொறுத்தது.